குழலுக்கு அடியில் பாருங்கள்: கருமருந்து ரிவால்வர் பிரதியைச் செய்தது யார் என்று கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் வீட்டைக் காலி செய்து சாமான்களை விற்கும் இடங்களில் இந்தக் காட்சியை அடிக்கடி பார்க்கலாம். ஒரு மரப்பெட்டிக்குள் பழைய ரிவால்வர். பித்தளை உடம்பு, நீலம் மங்கிய குழல், சிலிண்டரைச் சுற்றிக் கப்பல் சண்டைச் சித்திரம். "எங்கள் கொள்ளுத்தாத்தா உள்நாட்டுப் போரில் வைத்திருந்தது" என்பார் விற்பவர். அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம், அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லி வைத்திருப்பார்கள். துப்பாக்கியைக் கவிழ்த்துப் பார்த்தால் ஒரு நட்சத்திரம், அதன் கீழே இரண்டு எழுத்து, பக்கத்தில் கடுகளவு கட்டத்துக்குள் இன்னும் இரண்டு எழுத்து. கொள்ளுத்தாத்தாவின் துப்பாக்கி இத்தாலியில் 1984-ல் பிறந்தது என்று அவை சொல்லிவிடும்.

நானும் இப்படி ஒன்றை வாங்கியவன்தான். குழலின் மேல் அமெரிக்க முகவரி இருந்தது. அதை நம்பி, அமெரிக்கத் தயாரிப்பு என்று ஆறு மாதம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன். மேலே இருந்தது விற்ற கடையின் பெயர், செய்தவன் பெயர் அடியில் இருக்கிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது. இந்த வழிகாட்டியில் இருக்கும் மற்றதெல்லாம் அந்த ஒரு விஷயத்தின் விரிவுதான்.

கருமருந்து ரிவால்வர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: இதில் தோட்டா கிடையாது. சிலிண்டரில் உள்ள ஒவ்வொரு அறையிலும் முன்பக்கமாகக் கருமருந்தைக் கொட்டி, அதன்மேல் ஈயக் குண்டை வைத்து, குழலுக்குக் கீழே இருக்கும் லீவரால் அழுத்தித் திணிக்க வேண்டும். அறையின் பின்பக்கத்தில் நிப்பிள் என்ற சின்ன முளை. அதன்மேல் ஒரு செப்புக் கேப்பு. தீபாவளிக்குப் பொட்டுக் கேப்பு வெடித்த கைகளுக்கு இது புரியும். சுத்தியல் விழுந்தால் கேப்பு வெடிக்கும், அந்தப் பொறி உள்ளே போய் மருந்தைப் பற்றவைக்கும்.

இவற்றின் பிரதிகள் 1950-களின் கடைசியில் வரத் தொடங்கின. அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு 1961-ல் வரப்போகிறது, அந்தப் போர்க்காலத்து அமெரிக்கக் கம்பெனிகளான கோல்ட், ரெமிங்டன் இவற்றின் பழைய ரிவால்வர்கள் விலை ஏறிக்கொண்டிருந்தன, சுட்டுப் பார்க்க ஆசைப்பட்டவர்களோ ஏராளம். நேவி ஆர்ம்ஸ் நிறுவனத்தின் வால் ஃபோர்ஜெட் போன்ற அமெரிக்க வியாபாரிகள் வட இத்தாலியில் பிரேஷா நகருக்கு மேலே உள்ள வால் ட்ரோம்பியா பள்ளத்தாக்கைத் தேடிப் போனார்கள். பெரெட்டாவின் ஊரான கார்தோனே அங்கேதான் இருக்கிறது. பல நூற்றாண்டுகளாகத் துப்பாக்கிக் குழல் செய்கிற ஊர். அங்குள்ள பட்டறைகள் செய்து கொடுத்தன, அமெரிக்கக் கடைகள் தங்கள் பெயரைக் குழலில் பொறித்து விற்றன. ஒரே பட்டறையின் ஒரே ரிவால்வர் பல கடைப் பெயர்களில் உலவுவது இதனால்தான்.

முதல் படி: காலியா என்று பாருங்கள்

அவசரமாக இதைத் தாண்டிப் போகாதீர்கள். தோட்டாத் துப்பாக்கி என்றால் திறந்து பார்த்தாலே தெரியும். இதில் அப்படித் தெரியாது. ஐம்பது வருடம் பெட்டியில் கிடந்த ரிவால்வருக்குள்ளும் மருந்து இருக்கலாம், கருமருந்து அவ்வளவு சுலபத்தில் கெடாது.

குழல் வாயை ஆளில்லாத பக்கம் திருப்பிப் பிடித்துக்கொள்ளுங்கள். விரல் விசைக்குப் பக்கத்திலேயே போகக்கூடாது. நிப்பிள்களில் கேப்பு இருக்கிறதா என்று பின்பக்கத்திலிருந்து பாருங்கள். சிலிண்டரின் முன்முகத்தில் டார்ச் அடித்தால் அறைகள் ஆழமாகத் தெரிய வேண்டும். மங்கிய சாம்பல் நிறத்தில் ஏதாவது அடைத்துக்கொண்டிருந்தால் அது ஈயக் குண்டு. அப்படி இருந்தால் நீங்களே தோண்டி எடுக்க வேண்டாம். துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் கொண்டு போங்கள்.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி முன்பக்கம் மருந்து திணிக்கிற துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும், சுடக்கூடிய பிரதிக்கும் அதுதான் விதி. பிரிட்டனில் 1997-ல் கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தபோது இந்த வகை தப்பித்தது, ஆனால் போலீஸ் தரும் சான்றிதழ் இல்லாமல் வைத்திருக்க முடியாது. அமெரிக்காவில் 1968-ம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் இவற்றைத் துப்பாக்கிக் கணக்கிலேயே சேர்க்கவில்லை, மாநிலத்துக்கு மாநிலம்தான் விதி மாறும். நம் வேலைக்கு இதில் ஒரு விளைவு உண்டு. கடைக்காரர் பதிவேட்டில் இவற்றின் பூர்வீகம் பெரும்பாலும் இருக்காது. உலோகத்தில் பொறித்திருப்பது மட்டும்தான் சாட்சி.

இரண்டாம் படி: எழுத்தைப் படிக்கும்படி செய்யுங்கள்

தேவையானவை: ஒரு பூதக்கண்ணாடி, டார்ச், மெல்லிய எண்ணெய், பழைய பல் துலக்கி, வெள்ளை சாக்பீஸ். கம்பி பிரஷ், உப்புத்தாள், மெருகு பசை எதுவும் வேண்டாம். முத்திரைகள் ஆழமில்லாதவை, இரண்டு தேய்ப்பில் போய்விடும்.

கருமருந்துக் கரி எழுத்துக் குழிகளில் புகுந்து இறுகியிருக்கும். எண்ணெயில் ஊறவிட்டு மெதுவாகத் துலக்குங்கள். துடைத்துக் காய்ந்தபிறகு சாக்பீஸை அந்த இடத்தில் குறுக்காகத் தேய்த்து, மேலே படிந்ததை விரலால் துடைத்தால் குழிக்குள் மட்டும் வெள்ளை நிற்கும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள். தேய்ந்த கல்வெட்டைச் சாயங்கால வெயிலில் படிப்பார்களே, அதே வித்தைதான். அதுவும் சரிவரவில்லை என்றால் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் உரசுங்கள்.

பார்க்க வேண்டிய இடங்கள்: குழலின் மேல், இரண்டு பக்கம். லீவரைக் கீழே இறக்கினால் தெரியும் குழலின் அடிப்பகுதி. சிலிண்டருக்குக் கீழே ஃபிரேமின், அதாவது துப்பாக்கி உடம்பின், வலது, இடது பக்கங்கள். சிலிண்டரின் வெளிப்பக்கமும் பின்முகமும். விசைக் காப்பு வளையத்தின் அடி. கைப்பிடி உலோகத்தின் அடி. பாதிப் பேர் லீவரை இறக்கிப் பார்ப்பதே இல்லை. தயாரிப்பாளரின் சின்னம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

மூன்றாம் படி: இது பிரதிதானா?

மாதிரி எது என்று முதலில் பாருங்கள். சிலிண்டருக்கு மேலே உலோகப் பட்டை இல்லாமல் திறந்திருந்து, குழலை ஒரு ஆப்பு குறுக்கே புகுந்து பிடித்திருந்தால் கோல்ட் மாதிரி. மேலே பட்டை ஓடி, ஃபிரேம் முழுச் சட்டமாக இருந்தால் ரெமிங்டன் மாதிரி. சந்தையில் கிடப்பவற்றில் பெரும்பாலானவை இந்த இரண்டு குடும்பம்தான்.

உண்மையான 1851 கோல்ட் நேவி .36 காலிபரில் (காலிபர் என்பது குழல் துளையின் அளவு, அங்குலத்தில்) மட்டும் தொழிற்சாலையிலிருந்து வந்தது. இரும்பு ஃபிரேம். 1850 முதல் 1873 வரை ஹார்ட்ஃபர்டில் சுமார் 2,15,000 செய்தார்கள், லண்டனில் இன்னும் 42,000 போல. ஆகவே கையில் இருப்பது .44 காலிபர் '1851 நேவி' என்றால் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம், பிரதி. அப்படி ஒன்று அந்தக் காலத்தில் கோல்ட் பட்டியலில் கிடையாது. இத்தாலியர்கள் .44-க்கு வாடிக்கையாளர் அதிகம் என்று கண்டு உண்டாக்கிய மாதிரி அது. பித்தளை ஃபிரேம் போட்ட .44 ரெமிங்டனும் அப்படித்தான்.

பித்தளை என்றாலே பிரதி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இரும்புப் பஞ்சத்தில் இருந்த தென் மாநிலங்கள் உண்மையாகவே பித்தளை ஃபிரேமில் ரிவால்வர் செய்தன. ஜார்ஜியாவின் கிரிஸ்வோல்ட் அண்ட் கன்னிசன் சுமார் 3,700 செய்தது. அவை .36 காலிபர், கோல்ட் நேவியைப் பார்த்துச் செய்தவை. இன்று பெரும் விலை போகிறவை, அதனாலேயே போலிகளும் அதிகம். வீட்டு விற்பனையில் அசல் ஒன்று கிடைத்துவிடும் என்று கனவு காண வேண்டாம்.

அசல் கோல்ட்டில் ஒரே வரிசை எண் குழல், ஃபிரேம், விசைக் காப்பு, கைப்பிடி உலோகம் என்று பல இடங்களில் இருக்கும். குழலின் மேல் சாமுவேல் கோல்ட்டின் நியூயார்க் முகவரி. சிலிண்டரில் 1843 மே 16 கடற்போரைக் காட்டும் சித்திரம். பிரதிகளிலும் அதே சித்திரம் உண்டு, முகவரியையும் சிலர் அப்படியே போட்டிருக்கிறார்கள். அதனால் அவை இருப்பதை வைத்து அசல் என்று சொல்ல முடியாது.

ரெமிங்டன்காரர்கள் சறுக்குகிற இடம் இன்னொன்று. குழலின் மேல் 1858 செப்டம்பர் 14 என்று தேதி இருக்கும். அது காப்புரிமை கிடைத்த நாள். அசல் ரெமிங்டன் நியூ மாடல் ஆர்மி 1863-லிருந்துதான் செய்யப்பட்டது. பிரதி விற்பவர்கள் எல்லோரும் '1858 ரெமிங்டன்' என்று பெயர் வைத்து, அந்தக் குழப்பத்தை நிரந்தரமாக்கிவிட்டார்கள்.

நான்காம் படி: எந்த நாடு?

இத்தாலியில் விற்பனைக்கு முன் ஒவ்வொரு துப்பாக்கியையும் அரசு அங்கீகாரம் பெற்ற சோதனைச் சாலையில் வழக்கத்தைவிட அதிக அழுத்தத்தில் சுட்டுப் பார்த்து முத்திரை அடிக்க வேண்டும். அந்தச் சாலை கார்தோனேயில் 1910 முதல் இருக்கிறது. முத்திரைகள் இப்படி இருக்கும்.

சக்கரம் போன்ற வளையத்துக்குள் ஐந்து முனை நட்சத்திரம், அதன் கீழே பி.என். என்ற இரண்டு எழுத்து. இத்தாலிய மொழியில் 'போல்வெரே நேரா', கருமருந்து. கருமருந்தால் சோதிக்கப்பட்டது என்று பொருள். இதைச் செய்தவரின் பெயர் எழுத்து என்று நினைத்து 'பி.என். கம்பெனி எது?' என்று தேடி அலைந்தவர்கள் நிறைய. அப்படி ஒரு கம்பெனி இல்லை.

இரண்டாவது முத்திரை கார்தோனே சோதனைச் சாலையுடையது. நட்சத்திரத்தின் கீழ் ஒரு கேடயம், அதற்குள் குறுக்காக வைத்த துப்பாக்கிகள். தேய்ந்த துப்பாக்கியில் இது வெறும் புள்ளிக் கூட்டமாகத் தெரியும், பூதக்கண்ணாடி வேண்டும். இந்த இரண்டில் ஒன்று இருந்தாலே இத்தாலி என்று எழுதிக்கொள்ளலாம். 'கருமருந்து மட்டும்' என்ற ஆங்கில எச்சரிக்கை வாசகத்தை நாடு கண்டுபிடிக்கப் பயன்படுத்த முடியாது, எல்லோரும் போடுகிறார்கள்.

கிரீடத்தின் கீழ் நீள்வட்டத்துக்குள் இ.எல்.ஜி. என்று இருந்தால் பெல்ஜியத்தின் லியேஜ். கழுகும் மான் கொம்பும் இருந்தால் ஜெர்மனியின் உல்ம் சோதனைச் சாலை. ஸ்பெயின் என்றால் பெரும்பாலும் நாட்டின் பெயரே குழலில் இருக்கும்.

ஐந்தாம் படி: எந்த வருடம்?

எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். இத்தாலிய முத்திரைகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சதுரக் கட்டம் இருக்கும். அதற்குள் இருப்பது சோதனை செய்த வருடம், சங்கேதமாக.

1954 முதல் 1974 வரை ரோமன் எண்கள். 1954-க்குப் பத்து, 1955-க்குப் பதினொன்று, இப்படியே ஏறி 1974-க்கு முப்பது. கணக்கு சுலபம்: ரோமன் எண்ணோடு 1944-ஐக் கூட்டினால் வருடம். இருபது என்றால் 1964. எழுபதுகளின் தொடக்கத்தில் சில துப்பாக்கிகளில் இரண்டு எக்ஸ் எழுத்தும் பக்கத்தில் 7 என்ற சாதாரண எண்ணும் கலந்து வரும். அதையும் இருபத்தேழு என்றே படிக்க வேண்டும், 1971.

1975-லிருந்து இரண்டு ஆங்கில எழுத்து. இங்கே தமிழில் எழுதுவதில் ஒரு சிக்கல்: நமக்கு இரண்டு 'பி', இரண்டு 'டி'. ஆகவே டெலிபோனில் சொல்கிற மாதிரியே சொல்கிறேன்: பாம்பே பி, பாண்டிச்சேரி பி, டெல்லி டி, ட்ரிச்சி டி. மேலே சொன்ன பி.என். முத்திரையில் இருப்பது பாண்டிச்சேரி பி.

முதல் எழுத்து ஏ என்றால் 1975 முதல் 1990 வரை. இரண்டாவது எழுத்துதான் வருடத்தைச் சொல்லும்:

ஏ 1975, பாம்பே பி 1976, சி 1977, டெல்லி டி 1978, இ 1979, எஃப் 1980, ஹெச் 1981, ஐ 1982, எல் 1983, எம் 1984, என் 1985, பாண்டிச்சேரி பி 1986, எஸ் 1987, ட்ரிச்சி டி 1988, யு 1989, இசட் 1990.

முதல் எழுத்து பாம்பே பி என்றால் 1991 முதல் 2005 வரை. அதே வரிசை, ஆனால் இந்த முறை 'இ' கிடையாது. ஏ 1991, பாம்பே பி 1992, சி 1993, டெல்லி டி 1994, எஃப் 1995, ஹெச் 1996, ஐ 1997, எல் 1998, எம் 1999, என் 2000, பாண்டிச்சேரி பி 2001, எஸ் 2002, ட்ரிச்சி டி 2003, யு 2004, இசட் 2005.

முதல் எழுத்து சி என்றால் இதே பதினைந்தும் 2006-ல் தொடங்கி 2020-ல் முடியும். 2021-லிருந்து டெல்லி டி.

ஜி, ஜே, கே, ஓ, க்யூ, ஆர் போன்றவை இந்த வரிசையில் வராது. கட்டத்துக்குள் ஓ தெரிந்தால் அது பெரும்பாலும் தேய்ந்த டெல்லி டி. ஜி தெரிந்தால் சி-யாக இருக்கலாம். ஏ-யும் யு-வும் சேர்ந்து தெரிந்தால் நிதானியுங்கள். ஆல்டோ உபெர்த்தி என்ற இத்தாலியத் தயாரிப்பாளரின் பெயர் எழுத்துகளும் அவையே, 1989-ன் சங்கேதமும் அதுவே. சதுரக் கட்டத்துக்குள் இருந்தால் வருடம்.

இன்னொன்று, இது சோதனை நடந்த வருடம். அமெரிக்கக் கடை அலமாரியில் இரண்டு மூன்று வருடம் தூங்கிவிட்டு விற்றிருக்கலாம். ரசீதும் கட்டமும் ஒத்துப்போகவில்லை என்று யாரையும் சந்தேகப்பட வேண்டாம்.

ஆறாம் படி: செய்தவர் யார்?

இப்போது லீவரை இறக்குங்கள்.

உபெர்த்தி. ஆல்டோ உபெர்த்தி 1959-ல் தொடங்கியது, 2000-லிருந்து பெரெட்டா குழுமத்தில் இருக்கிறது. சின்னம், எண்கோணக் குழலை அதன் வாய்ப்பக்கத்திலிருந்து பார்ப்பது போன்ற உருவம், நடுவில் எழுத்து. பிற்காலத் துப்பாக்கிகளில் முழுப் பெயரே குழலில் இருக்கும். மிகப் பழையவற்றில் ஜி.யு. என்று மட்டும் இருக்கலாம். அது கிரெகொரெல்லி அண்ட் உபெர்த்தி, முதல் பிரதிகளைச் செய்த கூட்டு. அந்த எழுத்துள்ள நேவி கையில் கிடைத்தால் நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள், இந்தத் தொழில் பிறந்த காலத்துச் சாமான் அது.

பியட்டா. பிரேஷாவுக்குப் பக்கத்தில் குஸ்ஸாகோ ஊரில் இருக்கிறது. சின்னம் வைர வடிவக் கட்டம், உள்ளே எஃப்.ஏ.பி. என்ற மூன்று எழுத்து, பாண்டிச்சேரி பி. புதியவற்றில் பெயர் முழுசாக, கொஞ்சம் பெரிதாகவே, குழலின் பக்கத்தில் இருக்கும். அழகு கெடுகிறது என்று முணுமுணுக்கிறவர்கள் உண்டு, எனக்கும் அதே குறைதான். ஆனால் கண்டுபிடிக்கிற வேலை மிச்சம். பெருங்கடைகளில் மலிவாக விற்ற பித்தளை ஃபிரேம் ரிவால்வர்களில் பெரும்பகுதி இவர்களுடையது.

ஆர்மி சான் மார்கோ, சுருக்கம் ஏ.எஸ்.எம். ஆர்மி சான் பாவ்லோ, சுருக்கம் ஏ.எஸ்.பி., பாண்டிச்சேரி பி. கடைசி எழுத்து மங்கியிருந்தால் இரண்டும் ஒன்று போலத் தெரியும், வேறு வேறு பட்டறைகள். சான் பாவ்லோ பிறகு யூரோஆர்ம்ஸ் என்ற பெயரில் இயங்கியது. ரோஜர்ஸ் அண்ட் ஸ்பென்சர் ரிவால்வரின் பிரதிக்கு அவர்களைத்தான் சொல்வார்கள். இரண்டு பட்டறைகளும் இப்போது இல்லை, உதிரி பாகம் தேடுவது தலைவலி. சான் மார்கோ துப்பாக்கிக்கு உபெர்த்தி பாகம் அப்படியே பொருந்திவிடும் என்று நம்பி வாங்காதீர்கள். அரம் எடுக்க வேண்டி வரும்.

பெதெர்சோலி. 1957-ல் கார்தோனேயில் தொடங்கியது. நீளத் துப்பாக்கிகளுக்குத்தான் பேர் போனவர்கள், ரிவால்வர் குறைவு. குறி பார்த்துச் சுடும் போட்டிக்காரர்களுக்கான ரெமிங்டன் மாதிரி ஒன்று செய்கிறார்கள், விலையும் அதற்கேற்ப.

இத்தாலிக்கு வெளியே மூன்றைச் சொல்ல வேண்டும். பெல்ஜியத்தின் லியேஜில் செய்த சென்டார்: பாதி மனிதன் பாதிக் குதிரை சின்னம், 1860 கோல்ட் ஆர்மியின் பிரதி, குழலில் '1960 நியூ மாடல் ஆர்மி' என்றிருக்கும். சிகாகோவின் சென்டெனியல் ஆர்ம்ஸ் இறக்குமதி செய்தது. பலர் 1960-ஐ 1860 என்று படித்துவிட்டு மயங்குகிறார்கள். வேலைப்பாடு அருமையாக இருக்கும், அந்தக் கால இத்தாலியப் பிரதிகளைவிட எனக்கு இதுவே மேல். அடுத்தது ஸ்பெயினின் லா கொருன்யாவில் சாந்தா பார்பரா ஆலை செய்த ரெமிங்டன். மூன்றாவது ஜெர்மனியின் ஃபைன்வெர்க்பாவ் செய்த ரோஜர்ஸ் அண்ட் ஸ்பென்சர், போட்டிக்கென்றே செய்தது.

அப்புறம் கோல்ட் கம்பெனியே போட்ட பிரதி. 1971 முதல் 1982 வரை கோல்ட் தன் பழைய மாதிரிகளைத் திரும்ப விற்றது. சேகரிப்பாளர்கள் இதை இரண்டாம் தலைமுறை என்பார்கள். கரடுமுரடான பாகங்கள் உபெர்த்தியிடமிருந்து வந்தன, முடித்துப் பொருத்தியது அமெரிக்காவில். முடிந்த துப்பாக்கியாக இத்தாலியை விட்டுக் கிளம்பாததால் இவற்றில் பொதுவாக நட்சத்திர முத்திரை இருக்காது. 1994 முதல் 2002 வரை இன்னொரு வரிசை வந்தது. கைப்பிடியின் பின்பட்டையில் சாம் கோல்ட்டின் கையெழுத்துப் பொறித்திருக்கும்.

ரூகர் ஓல்ட் ஆர்மியைப் பிரதிகளோடு சேர்க்காதீர்கள். 1972 முதல் 2008 வரை அமெரிக்காவில் செய்தது, கருமருந்தில்தான் சுடும், ஆனால் எந்தப் பழைய துப்பாக்கியையும் பார்த்து அச்செடுத்தது இல்லை.

ஏழாம் படி: மேலே இருக்கும் கடைப் பெயர்

கடைசியில்தான் இதைப் படிக்க வேண்டும், முதலில் படித்தால் ஏமாந்து போவோம். நேவி ஆர்ம்ஸ், ரிட்ஜ்ஃபீல்ட், நியூ ஜெர்சி. டிக்ஸி கன் வொர்க்ஸ், யூனியன் சிட்டி, டென்னசி. சிமரான், ஃபிரெடெரிக்ஸ்பர்க், டெக்சாஸ். டெய்லர்ஸ், வின்செஸ்டர், வர்ஜீனியா. ட்ரெடிஷன்ஸ், ஓல்ட் சேபுரூக், கனெக்டிகட். கபேலாஸ். எல்லாம் இறக்குமதி செய்தவர்கள் அல்லது விற்றவர்கள். ஒரே கடை வெவ்வேறு வருடங்களில் வெவ்வேறு பட்டறையிடம் வாங்கியிருக்கும். சிமரான் என்றால் பெரும்பாலும் உபெர்த்தி, ட்ரெடிஷன்ஸ் என்றால் பெரும்பாலும் பியட்டா என்று ஊகிக்கலாம், ஊகமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடியில் உள்ள சின்னம் வேறு பேசினால் சின்னத்தையே நம்புங்கள்.

எட்டாம் படி: சின்னம் தேய்ந்துவிட்டால்

கட்டுமானத்தைப் பார்க்க வேண்டியதுதான். கோல்ட் மாதிரியில் ஆப்பைத் தட்டி எடுத்துக் குழலைக் கழற்றுங்கள். ஃபிரேமிலிருந்து ஒரு அச்சுத் தண்டு நீண்டிருக்கும், அது குழலின் அடியில் உள்ள துளைக்குள் போகும். அசல் கோல்ட்டில் தண்டின் நுனி துளையின் அடியைத் தொட்டு நிற்கும். பியட்டாவிலும் பொதுவாக அப்படியே. உபெர்த்தியில் தண்டு கொஞ்சம் குட்டை, நுனிக்கும் துளையின் அடிக்கும் நடுவே இடைவெளி இருக்கும். உபெர்த்திக்காரர்கள் காலங்காலமாகப் புலம்புகிற விஷயம் இது.

சோதிக்க ஒரு வழி: சிலிண்டரை எடுத்துவிடுங்கள். குழலைப் பக்கவாட்டில் திருப்பி, அதன் கீழ்ப்பகுதி ஃபிரேமில் இடிக்காதபடி தண்டின்மேல் முழுதாகத் தள்ளுங்கள். குழலின் பின்விளிம்பு ஃபிரேமின் முன்விளிம்போடு சமமாக நின்றால் தண்டு சரியான நீளம். விளிம்பைத் தாண்டி உள்ளே போனால் குட்டை.

கைப்பிடியும் பேசும். பழைய பியட்டா நேவிகளின் கைப்பிடி அடிப்பக்கம் வால் போலக் கொஞ்சம் வெளியே விரிந்திருக்கும், உபெர்த்தியுடையது அசலை ஒட்டி ஒல்லியாக இருக்கும். கடைசி பத்துப் பன்னிரண்டு வருடங்களில் பியட்டாவும் திருத்திக்கொண்டது. நிப்பிளைக் கழற்ற முடிந்தால் மரையை அளந்து பாருங்கள். 6 மில்லிமீட்டர், 0.75 மில்லிமீட்டர் புரி என்றால் இத்தாலியப் பிரதிக்கு வழக்கமான அளவு. 19-ம் நூற்றாண்டு அமெரிக்கத் துப்பாக்கியில் மெட்ரிக் மரைக்கு வேலையே இல்லை.

ஒரு துப்பாக்கியைப் படித்துப் பார்ப்போம்

தொடக்கத்தில் சொன்ன ரிவால்வரையே எடுத்துக்கொள்வோம். பித்தளை ஃபிரேம், .44 காலிபர், கோல்ட் நேவி உருவம். காலிபரிலேயே அசல் இல்லை என்று முடிந்தது. ஃபிரேமில் நட்சத்திரமும் பி.என். எழுத்தும்: இத்தாலி. கட்டத்துக்குள் ஏ, எம்: 1984. லீவரை இறக்கினால் வைரக் கட்டத்துக்குள் எஃப்.ஏ.பி.: பியட்டா. குழலின் மேல் ஒரு அமெரிக்க முகவரி: இறக்குமதி செய்தவர். ஐந்து நிமிட வேலை. இதைச் சேகரிப்புப் பொருளாக விலை போட முடியாது, ஞாயிற்றுக்கிழமை சுட்டு மகிழலாம். பித்தளை மென்மையான உலோகம், மருந்தைக் குறைத்தே போடுங்கள். நிறையத் திணித்துச் சுட்டால் நாளடைவில் ஃபிரேம் நெளிந்து, அச்சுத் தண்டு ஆடத் தொடங்கும்.

இன்னொன்று கொஞ்சம் தந்திரமானது. .36 காலிபர், இரும்பு ஃபிரேம், குழலில் கோல்ட்டின் நியூயார்க் முகவரி, எங்கு தேடினாலும் சோதனை முத்திரை இல்லை, உலோகம் முழுக்கக் கரும்பழுப்புத் துரு. இதற்கு மூன்று விடை சாத்தியம்: அசல், கோல்ட்டின் இரண்டாம் தலைமுறை, முத்திரை அழித்த இத்தாலியப் பிரதி.

முத்திரை இருக்க வேண்டிய இடங்களில் விரலை ஓட்டுங்கள். லீவருக்குப் பின்னால் குழலின் அடியிலும், ஃபிரேமின் பக்கத்திலும் லேசான பள்ளம் தட்டுகிறதா? அரம் போட்ட இடத்தில் தட்டை முகம் கொஞ்சம் குழிந்து, அதன் ஓரங்கள் மழுங்கியிருக்கும். எண்கோணக் குழலின் முனைகளைப் பாருங்கள். அமிலத்தில் ஊறவைத்துப் பழசாக்கிய இரும்பு எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் புள்ளி விழுந்து கிடக்கும். நூற்றைம்பது வருடம் உறையிலும் கையிலும் இருந்தது அப்படித் தேயாது. குழல் வாயும், கை படுகிற பின்பட்டையும் வழவழப்பாகியிருக்கும், திருகாணிப் பள்ளங்களைச் சுற்றி அழுக்குத் தங்கியிருக்கும். துருப்பிடித்த துப்பாக்கியில் திருகாணிகள் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் கேள்வி கேளுங்கள்.

பிறகு வரிசை எண்கள். குழலிலும் ஃபிரேமிலும் விசைக் காப்பிலும் கைப்பிடி உலோகத்திலும் ஒரே எண் இருக்கிறதா, எழுத்தின் உருவம் எல்லா இடத்திலும் ஒன்றா, குத்திய ஆழம் ஒன்றா? கடைசியாக நிப்பிள் மரை. அது மெட்ரிக் என்று அளவு சொன்னால், நான் பேரம் பேசாமல் வைத்துவிட்டு வந்துவிடுவேன். மற்ற எல்லாம் சரியாக இருந்து விலையும் பெரிது என்றால், பணம் கொடுப்பதற்கு முன் பிரித்த பாகங்களின் படங்களோடு பழைய கோல்ட்டுகளை மட்டும் பார்க்கிற மதிப்பீட்டாளர் ஒருவரிடம் போங்கள். பிரித்துக் காட்டமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் அங்கேயே விட்டுவிடலாம்.